பச்சைப் பட்டை

சண்முகவேல் வேன் சர்வீஸ் என்ற பெயரில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. சண்முகவேல் என்று ஒரு மனிதர் இருந்தார், அவரிடம் வேன்கள் இருந்தன, அவை ஓடின. ஒரு பெயர் இதற்கு மேல் என்னதான் சொல்ல வேண்டும்? ஆனால் 1997 ஜனவரியில் அவர் முப்பத்தெட்டு வேன்களையும், மந்தைவெளி ஷெட்டையும், அதில் இருபது வருஷமாக டைம் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். கம்பெனியின் பெயர் கொர்வேனா. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒரு அர்த்தமும் கிடையாதாம். அர்த்தம் இருந்தால் ஏதாவது ஒரு நாட்டில் விகல்பமாகப் போய்விடும் என்று நிறையச் செலவு செய்து அர்த்தமில்லாத பெயராகப் பார்த்து வைத்தார்களாம். பல் தேய்க்கிற பேஸ்ட்டுக்கு வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

என் பெயர் வேம்பு. பி.ஏ. இங்கிலீஷ், இரண்டாம் வகுப்பு. எந்த வேன் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நோட்டில் பார்த்து விசில் ஊதுவது என் உத்தியோகம். இதற்கு பி.ஏ. எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களோடு நான் பேசுவதில்லை.

எங்கள் வேன்கள் எல்லாம் கிரீம் கலர். ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை அடித்திருக்கும். பச்சைப் பட்டை என்றால் தி.நகர். சிவப்பு என்றால் அடையாறு வழியாகத் திருவான்மியூர். நீலம் தி.நகரிலிருந்து வேளச்சேரி. இந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான். 1986-இல் முதலாளியிடம் போய், "பட்டை போட்டா பாக்க லட்சணமா இருக்கும் சார்" என்றேன். அவரும் சரி என்றார். லட்சணத்துக்காக நான் சொல்லவில்லை. என் தங்கை சாருலதாவுக்காகச் சொன்னேன். அதை அவரிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சாருவுக்குப் படிக்கத் தெரியாது. சொல்லிக் கொடுக்காமல் இல்லை. எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஒரு இடத்தில் நிற்காது. இன்று கற்ற 'க' நாளைக்கு அவளுக்கு வேறொன்றாகத் தெரியும். எண்களும் அப்படித்தான், பன்னிரண்டும் இருபத்தொன்றும் அவளுக்கு ஒரே முகம். ஐந்தாம் வகுப்பு வரை அடி வாங்கினாள், பிறகு வீட்டோடு நின்றாள். எங்கள் அப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர். ஹெட்மாஸ்டர் பெண்ணுக்குப் படிக்க வராது என்று தெரிந்தால் தெருவில் எப்படி நடப்பது? அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். வெளியே போனால் கையில் ஒரு வாரப் பத்திரிகை இருக்க வேண்டும். உட்கார்ந்தால் விரித்துக்கொள்ள வேண்டும், அவ்வப்போது பக்கத்தைப் புரட்ட வேண்டும். முக்கியமாக, யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் தெரிந்துவிடும். ஒரே ஒரு வரன் கூடி வந்தது. பையனின் அப்பா அச்சடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை நீட்டி, "எழுத்து சரியா இருக்கான்னு படிச்சுச் சொல்லும்மா" என்றார். அதோடு அது முடிந்தது.

அப்பா போனார், அம்மாவும் போனாள். சட்டம் மட்டும் போகவில்லை. அதைக் காப்பாற்றியவன் நான்.

ஆனால் நிறம் என்று வந்தால் சாருவை அடிக்க ஆளில்லை. தி.நகர் பாண்டி பஜாரில் ஷகீலா என்கிற அம்மாளுக்கு ஒரு மாடிக் கடை. புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். ஒரு புடவையைப் பார்த்ததும் டப்பாவில் இருக்கும் இருநூறு நூல்கண்டில் எது அதற்குப் பொருந்தும் என்று சாரு கையை விட்டு எடுத்துவிடுவாள். ஷகீலாம்மா இதை எல்லா வாடிக்கைக்காரர்களிடமும் பெருமையாகச் சொல்லுவார். பதினோரு வருஷமாகக் காலை ஒன்பதரைக்கு மந்தைவெளியில் பச்சைப் பட்டை ஏறி, சாயங்காலம் பனகல் பார்க்கில் பச்சைப் பட்டை ஏறி, ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தாள். காலையில் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் நான் பிறந்ததற்கு அர்த்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஏப்ரலில் கொர்வேனாக்காரர்கள் எங்கள் எல்லோரையும் தி.நகரில் ஒரு ஓட்டல் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் காட்டினார்கள். ஏதோ ஒரு துறைமுக ஊரில் இரண்டு சகோதரர்கள் ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்தார்களாம். பஸ் பத்தாயிற்று, பிறகு டிராம், பிறகு படகு, பிறகு ஒன்பது நாடு. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு நிறம். நான்கு வருஷம் முன்னால் எல்லாவற்றையும் அழித்து ஒரே பெயர், ஒரே வெள்ளை, அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அலை என்று ஆக்கினார்கள். உலகத்தில் எங்கே இறங்கினாலும் கொர்வேனா என்று தெரிய வேண்டுமாம். எங்கே போகிற வண்டி என்று தெரிய வேண்டாமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. வாய்க்கு வரவில்லை. முறுக்கும் காபியும் கொடுத்திருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த நெட்டை மனிதர் நல்லவர்தான். கேட்கத்தான் கேட்டார். நான்தான் மொழிபெயர்ப்பாளன். டிரைவர் குலாம் ரசூல் எழுந்து நின்றார். எங்களிடம் பதினைந்து வருஷமாகத் தி.நகர் வண்டி ஓட்டுகிறவர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"சார், பட்டைய மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லு சார். வூட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க, சித்தாளுங்க, அல்லாரும் கலர பாத்துதான் ஏர்றாங்கோ. நம்பர் கிம்பர்லாம் அவங்களுக்குத் தெரியாது."

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன், சத்தியமாக. நெட்டை மனிதர் ஆர்வமாகிவிட்டார். பட்டையை ஆரம்பித்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். யாருக்காக ஆரம்பித்தீர்கள், படிக்கத் தெரியாதவர்கள் உங்கள் வண்டியில் அவ்வளவு பேரா என்று என்னையே கேட்டார். அவர் பக்கத்தில் ஒரு பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு டிரைவர்கள், முப்பத்தெட்டு கிளீனர்கள், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா அந்த ஹாலில் எங்கோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். நல்ல இங்கிலீஷில், "சார், எங்கள் ஊர் மயிலாப்பூர். அங்கே எல்லோரும் படித்தவர்கள். பட்டை வெறும் அலங்காரம்தான்" என்றேன். அவரும் சிரித்தார், ஹாலே சிரித்தது, அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். ரசூல் மட்டும் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும்.

ஜூலையில் வண்டிகள் ஒவ்வொன்றாகப் பெயின்ட் ஷாப்பிலிருந்து வெள்ளையாகத் திரும்பின. தி.நகர் வண்டிக்கு சி-12 என்று பெயர், வேளச்சேரி வண்டிக்கு சி-21. கிளீனர்களை நிறுத்திவிட்டு டிக்கெட் மெஷின் வைத்தார்கள். "டீ நகர் டீ நகர் டீ நகர்" என்று கூவக் கூடாது, அது கம்பெனியின் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று சுற்றறிக்கை வந்தது. அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

முதல் இரண்டு வாரம் தப்பித்தோம். ரசூல் தி.நகர் வண்டியிலேயே இருந்தார், சாரு அவர் முகத்தைப் பார்த்து ஏறினாள். பிறகு டிரைவர்களை வாராவாரம் தடம் மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒன்பது நாட்டிலும் அப்படித்தானாம். நான் சாருவிடம், "நம்பருக்கு முன்னாடி பெரிய ஆளா நிக்கற எழுத்தை விட்டுடு, அப்புறம் வர்றதுல குச்சி முதல்ல இருந்தா தி.நகர்" என்றேன். தலையை ஆட்டினாள். அவளுக்குக் குச்சி எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை ஏழு மணியாகியும் அவள் வரவில்லை. ஷெட்டிலிருந்து ஷகீலாம்மாவுக்குப் போன் செய்தேன். ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாள் என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பனகல் பார்க்குக்குப் போனேன். வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. எனக்கே எது எங்கே போகிறது என்று கிட்டப் போனால்தான் தெரிந்தது. சாரு இல்லை. யாரிடம் எப்படி விசாரிப்பது? காணாமல் போன குழந்தை என்றால் விசாரிக்கலாம். முப்பத்தாறு வயதுப் பெண், கையில் பத்திரிகை வைத்திருப்பாள் என்று அடையாளம் சொன்னேன். படித்த பெண்தானே சார், வந்துவிடுவார் என்றார் ஒரு டிரைவர்.

எட்டேகாலுக்கு ஷெட்டுக்குத் திரும்பினேன். அப்போது வேளச்சேரி வண்டி உள்ளே வந்தது. ரசூல் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் சாரு மட்டும் உட்கார்ந்திருந்தாள், மடியில் பத்திரிகை.

ரசூல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேளச்சேரில வண்டிய திருப்பிக்கினு இருந்தேன் சார். டீக்கடையாண்ட பெஞ்சுல தங்கச்சி குந்திக்கினு கீது. கரண்ட் இல்ல, ஒரே இருட்டு. புக்க தொறந்து வச்சிக்கினு படிச்சிக்கினு கீது."

நான் சாருவின் மடியில் இருந்த பத்திரிகையைப் பார்த்தேன்.

"இருட்டுல இன்னா சார் படிக்க முடியும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ரொம்ப நாளா தெரியும் சார். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாருவிடம் கத்தினேன். பயந்தவன் கத்தத்தான் செய்வான். "வண்டி வேற எங்கயோ போறதுன்னு தெரியலையா? பக்கத்துல இருக்கறவாளை ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேக்கப்படாதுன்னுதானே எல்லாரும் சொல்லியிருக்கேள்" என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, ஜி.என். செட்டி ரோட்டில் இருந்த புது ஆபீசுக்குப் போனேன். அச்யுத் என்கிற மேனேஜர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். முப்பது வயதுகூட இருக்காது. திட்டுவதற்கு வாகான ஆளாக இருந்தால் தேவலை என்று போனேன், அவன் அப்படி இல்லை. பட்டை வேண்டாம், முன் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்றேன். அவன் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். நூற்று நாற்பது பக்கம். வண்டியின் வெளியே என்ன இருக்கலாம், உள்ளே என்ன இருக்கலாம், அலை எத்தனை விரல்கடை இருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. பச்சை இல்லை.

"மாமா, எனக்கே அதிகாரம் கிடையாது. மேல எழுதலாம். ஆனா காரணம் கேப்பா. பயணிகளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதினா..." என்று ஒரு ஃபைலைத் திறந்தான். "ஏப்ரல் மீட்டிங் குறிப்பு. எல்லோரும் படித்தவர்கள்னு நீங்களே சொல்லியிருக்கேளே. இதை வெச்சுதான் சென்னைக்குத் தனியா எதுவும் வேண்டாம்னு முடிவு பண்ணினா."

"அது தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

"சரி, யாருக்குக் கஷ்டமா இருக்கு? ஒரு பேரு, ஒரு விலாசம் குடுங்கோ. அப்படி ஒரு ஆள் இருந்தா நான் கேஸாவே அனுப்பறேன். பாக்கற மனுஷாதானே அவாளும்."

அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான். மறுபடியும் ஒரு பேனா. சாருலதா, தகப்பனார் பெயர் இன்னது, ஹெட்மாஸ்டர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "தெரிஞ்சவா ஒருத்தர்" என்றேன். அவன் பேனாவை மூடினான். வெளியே வந்து மரத்தடியில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என்னை நானே அறைந்துகொள்ளாதது ரோட்டில் ஜனங்கள் இருந்ததால்தான்.

என்னால் ஆகாததை ரசூல் செய்தார். தி.நகர் வண்டியை எடுக்கிற டிரைவர்கள் எல்லோரிடமும் பேசி, கண்ணாடியில் ஒரு பச்சை ரிப்பனை முடிந்து வைத்தார். கேட்டால் கோயில் கயிறு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். நாகூரிலிருந்து வந்தது என்று சொன்னாலும் ஆயிற்றாம். சாரு மறுபடி கிளம்பினாள். நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை தணிக்கைக்கு வந்தவர்கள் ரிப்பன்களை வெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்களைக் காட்டிக் கொடுக்காமல் ரசூல் தான்தான் கட்டியது என்றார். அவரை அம்பத்தூரில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றல் உத்தரவைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டியதும் நான்தான்.

"வுடு சார். தங்கச்சிய பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாரு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் தினமும் கொண்டுவிட்டு அழைத்து வருகிறேன் என்றேன். "ஸ்நேஹாவை ஸ்கூலுக்குக் கொண்டு விடற மாதிரியா?" என்று கேட்டாள். ஸ்நேஹா என் பெண், மூன்றாம் வகுப்பு. சர்க்கார் பஸ்ஸிலும் எண்தான். ஷகீலாம்மா இரண்டு தடவை போன் செய்தார், புடவைகளை வீட்டுக்கே அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றாள் சாரு. அக்டோபரில் அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஒன்பதரை மணி வாக்கில் சாரு தலை வாரி, புடவை மாற்றி, கூடத்தில் உட்கார்ந்துகொள்வாள். கையில் பத்திரிகை இருக்கும். வீட்டுக்குள் யாரிடம் மறைக்க என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிசம்பரில் கம்பெனியிலிருந்து ஒவ்வொரு ஊழியர் வீட்டுக்கும் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. வழவழவென்ற காகிதம், கலர் படங்கள், கொர்வேனா வளர்ந்த கதை. பத்தாவது நாடாக எங்களைச் சேர்த்திருந்தார்கள், இந்தியப் பதிப்பில் பாதி தமிழ். நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அது சாருவின் மடியில் திறந்திருந்தது.

"அண்ணா, உன் போட்டோ போட்டிருக்கா. விசிலோட நன்னா விழுந்திருக்கு" என்றாள். "கீழ என்ன எழுதியிருக்கு, படியேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயில் விசிலோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே கறுப்பு எழுத்தில், என் பெயரோடு: 'மயிலாப்பூரில் எல்லோரும் படித்தவர்கள். பட்டை வெறும் அலங்காரம்தான்.'

நான் விரலை அந்த வரியின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே படித்தேன். "இருபது வருஷமாக ஒரு வண்டியைக்கூடத் தாமதமாக அனுப்பாத வேம்பு, எங்கள் சென்னைக் கிளையின் மூத்த ஊழியர்." தடங்கல் இல்லாமல் வந்தது. பி.ஏ. அன்றைக்கு உபயோகப்பட்டது.

சாரு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடிக்கிற வரை பொறுத்திருந்தாள்.

"மத்தியானம் ஸ்நேஹா வேற மாதிரின்னா படிச்சா" என்றாள்.

நான் விரலை அந்த வரியிலிருந்து எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, "குழந்தைதானே. எழுத்தெல்லாம் இன்னும் சரியா பிடிபடலையோ என்னவோ" என்றாள்.

ஸ்நேஹா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அழுகிற மாதிரி இருந்தாள். "நான் தப்பா படிச்சேனாப்பா?"

சாருவின் மேல் சத்தியமாக, ஆமாம் என்று சொல்ல ஒரு கணம் வாயைத் திறந்தேன். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் விரலில் ஸ்கூல் மசி.

"இல்லடி கண்ணா. நீ படிச்சதுதான் சரி" என்றேன்.

சாரு புத்தகத்தை மூடினாள். மூலைகளைச் சரி பார்த்து, என் மடியில் வைத்தாள்.

"அப்போ நான் எந்த ஊர், அண்ணா?" என்று கேட்டாள்.

தன்னைப் பற்றி அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.